ஒரே பதிலில் எழுப்ப வேண்டிய குறைகள்

விதி 14, உட்பிரிவு 3: "ஒரு திருத்தத்தில் காணப்படும் வடிவக் குறைகள் அனைத்தும் முதல் பார்வையிலேயே, ஒரே பதிலில் எழுப்பப்பட வேண்டும். தவணை முறையில் எழுப்பக் கூடாது."

இந்த விதியை எழுதியவன் நான். அரசு அலுவலகத்தில் இருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் இதே பொருளில் எத்தனையோ சுற்றறிக்கைகள் வந்தன. ஒவ்வொன்றையும் கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டேன், உரிய கோப்பில் வைத்தேன், மறந்தேன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற பிறகும் ஒரு விதித்தொகுப்பு எழுதக் கிடைக்கும் என்று நினைத்ததில்லை, அதுவும் ஒரு கைபேசிச் செயலிக்கு.

செயலி என் மனைவிக்காக வீட்டுக்குள் வந்தது. அவள் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இருபது வருடத்துக்கு மேலாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்கு முதலில் கை நடுங்கும், வியர்க்கும். அவளுக்கு அந்த முன்னறிவிப்புகள் மெல்ல மெல்ல நின்றுபோயின. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாள், அடுத்த பத்து நிமிடத்தில் யாரென்று தெரியாமல் பார்ப்பாள். அதனால் மருத்துவர் அவள் மேல்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கருவியை ஒட்டச் சொன்னார். அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரை அளவை அவள் கைபேசிக்கு அனுப்பும். செயலி அந்த எண்ணை அங்கிருந்து என் கைபேசிக்கு அனுப்பும். எண் இறங்கினால் இரண்டும் கத்தும். நான் நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டில் இருந்தாலும் தருமபுரி கடைவீதியில் இருந்தாலும் அவள் சர்க்கரை என் சட்டைப்பையில் இருக்கும்.

இந்தச் செயலிக்கு முதலாளி கிடையாது. நோயாளிகளும் அவர்கள் வீட்டில் கணினி நிரல் எழுதத் தெரிந்தவர்களும் சேர்ந்து எழுதி, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருப்பது. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். தலைமைப் பொறுப்பாளர் கடல் கடந்த ஒரு நாட்டில் இருக்கிறார். செயலியின் உதவிப் பக்கத்திலிருந்த ஆங்கிலப் பிழைகளைப் பட்டியலிட்டு அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பதினோரு பக்கம். மனிதர் பயந்திருக்க வேண்டும், ஆனால் மரியாதையாகப் பதில் எழுதினார். திருத்தம் அனுப்புகிறவர்கள் ஆளுக்கொரு பாணியில் எழுதுகிறார்கள், படிக்கவே முடியவில்லை, அவர்களுக்கு ஒரு விதித்தொகுப்பு எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

முடியுமாவா? ஆறு வாரத்தில் இருபத்திரண்டு விதிகள், உட்பிரிவுகளோடு. வரியின் தொடக்கத்தில் நான்கு இடம் விட வேண்டும், தாவல் விசை (டேப்) கூடாது. எந்தப் பெயரும் அது எதைக் குறிக்கிறது என்று சொல்ல வேண்டும். எந்த வரியின் கடைசியிலும் காலி இடம் தொங்கக் கூடாது. ஒரு திருத்தத்தில் ஒரு வேலைதான். கடைசியில், இது என் சொந்த வேலை, இதைப் பொதுவில் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி வரியை அனுப்பியவரே சேர்க்க வேண்டும்; வேறு யாரும் அவருக்காகச் சேர்க்க முடியாது. வடிவம் சரியான பிறகுதான் திருத்தம் உள்ளடக்கத்துக்காகப் படிக்கப்படும். முப்பது நாள் பதில் இல்லாவிட்டால் தானாக மூடப்படும். வடிவத்தைச் சரிபார்க்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. இதையெல்லாம் ஒரு சின்ன நிரலே சரிபார்த்துவிடுமே என்று பொறுப்பாளர் ஒருமுறை கேட்டார். இயந்திரத்துக்கு விவேகம் கிடையாது என்று எழுதினேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. அது ஒரு தடையாக எனக்குத் தோன்றவில்லை. அலுவலகத்திலும் நான் கிணறு வெட்டியதில்லை, கிணறு பற்றிய கோப்புகளைத்தான் பார்த்தேன்.

சென்ற தைப் பொங்கல் முடிந்ததும், எங்கள் மருத்துவரின் நோயாளிகள் இருக்கும் வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டேன். குழுவில் பாதிப் பேர் இந்தச் செயலியைத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டில் நிரல் தெரிந்தவர்கள் இருந்தால் பங்களிக்கலாம் என்று அழைத்தேன். கும்பிடும் கை படங்கள் நிறைய வந்தன. மார்ச் தொடக்கத்தில் ஒரே ஒரு திருத்தம் வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கோழியின் படம் இருந்தது.

திருத்தம் மொத்தம் பதினெட்டு வரி. மூன்று குறைகள் இருந்தன. நான்கு இடம் விட வேண்டிய இடத்தில் தாவல் விசை. ஓரிடத்தில் வெறும் ஓரெழுத்துப் பெயர். பதினோராவது வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காலி இடம். மூன்றையும் முதல் நாளே பார்த்துவிட்டேன். முதல் குறையை மட்டும் எழுதித் திருப்பினேன்.

ஏன் என்று கேட்டால், என் கை அப்படிப் பழகியது. ஒரு கோப்பைத் திருப்ப ஒரு காரணம் போதும். மற்றவற்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் அடுத்த முறை அந்தக் கோப்பு மேசைக்கு வரும்போது சொல்ல என்ன இருக்கும்? கேட்க ஆபாசமாக இருக்கிறது. ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுகள் என் மேசையில் இதற்குப் பெயர் கவனம்.

கோழிப் படம் அன்று மாலையே தாவலைச் சரிசெய்து அனுப்பியது. ஓரெழுத்துப் பெயரைச் சுட்டித் திருப்பினேன். இரண்டு நாளில் வந்தது. "பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது" என்று தொடங்கி, பதினோராவது வரியின் இறுதியிலுள்ள காலி இடத்தைச் சுட்டித் திருப்பினேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முப்பது நாள் முடிந்ததும் விதிப்படி மூடப்பட்டது. எனக்குச் சிறு வருத்தம் கூட இல்லை. இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை இல்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

"என்னாத்துக்குத் திருப்புனீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு வரியோட கடைசியில காலி எடம் இருந்துது."

"காலி எடம்னா அங்க என்ன இருந்துது?"

"ஒண்ணும் இல்ல. அதான் குறை."

அவள் முறத்துக்குத் திரும்பினாள். கையில் அவரைக்காய் இருந்தது, உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, ஓய்வூதியர் நேர்காணலுக்காகத் தருமபுரி கருவூலத்துக்குப் போனேன். வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். அது ஒழுங்காக நடந்தது. வரிசையில் இருந்தபோது கைபேசியைப் பார்த்தேன்: 138. நல்ல எண். பழைய நண்பர் ஒருவரோடு டீ குடித்தேன். 138. பேருந்தில் ஏறினேன். 138. இவ்வளவு சீராக ஒரு மனுஷியின் சர்க்கரை நிற்கிறதே, மதியச் சாப்பாட்டு அளவைச் சரியாகப் பிடித்துவிட்டோம் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டம்மாவின் செருப்பு கிடந்தது. மாடு வைத்திருக்கிறவர், பகலில் எங்கள் வீட்டுக்கு வர நேரம் இல்லாதவர். உள்ளே போனேன். சமையலறைத் தரையில் அரிவாள்மணை, பாதி வெட்டிய மாங்காய்கள். அதற்கு ஓரடி தள்ளி என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில்தான் வந்த வியர்வையில் புடவை நனைந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"முழுங்குங்க டீச்சர். இன்னும் ஒரு வாய். அண்ணா, வந்துட்டீங்களா. மோர் குடுக்கலாம்னு வந்தன். அருவாமணை மேல குந்திக்கினு மாங்காய வெச்சிக்கினே இருக்குது, வெட்டவும் இல்ல, வுடவும் இல்ல. கூப்புட்டா என்னைய யாருன்னு கேக்குது. தள்ளி இழுத்து வுட்டுட்டன்."

விரலில் குத்திப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைக் கருவி 46 என்றது, எழுபதுக்குக் கீழே போகக் கூடாதது. என் கைபேசியைப் பார்த்தேன். 138. அவள் கைபேசி அலமாரியில் இருந்தது. அதுவும் 138. எண்ணுக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில், அது வந்த நேரம் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முந்தியது. பேட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைத்து அவள் கைபேசி செயலியைத் தூங்க வைத்துவிட்டது. செயலி கடைசியாகத் தெரிந்த எண்ணையே இரண்டு கைபேசியிலும் காட்டிக்கொண்டிருந்தது, இப்போதைய எண் போல.

இருபது நிமிடத்தில் அவள் தெளிந்தாள். தெளிந்ததும் முதலில் சொன்னது, "மாங்காய்க்கு இன்னும் உப்பு போடல." முற்றத்துக் குழாயில் முகம் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

பேட்டரி மிச்சப்படுத்தும் வசதியை அன்றே அணைத்தேன். மூன்றாம் நாள் கைபேசி தானாக அதைத் திரும்பப் போட்டுக்கொண்டது. மறுபடி அணைத்தேன். மறுபடி போட்டுக்கொண்டது. கோளாற்றைச் செயலியில்தான் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்தது. முறைப்படி புகார் எழுதுவதற்கு முன், இதே புகார் ஏற்கனவே வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். அதுவும் விதி, எண் 5. தேடினேன். பட்டியலில் ஒன்று வந்தது, மூடப்பட்டது என்ற குறிப்போடு. சாம்பல் நிறக் கோழி.

அந்தத் திருத்தத்தின் தலைப்பு வரி: "பழைய எண்ணைப் புதியதாகக் காட்டாதே." கீழே நான்கு வரி விளக்கம். எண் வந்து பதினைந்து நிமிடம் தாண்டினால் அது சாம்பல் நிறமாக மாறும், பார்த்துக்கொள்கிறவரின் கைபேசி கத்தும். "என் அப்பாவுக்குப் போன வாரம் இப்படி ஆகிவிட்டது, தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள்."

இந்தத் தலைப்பை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். தலைப்பு ஐம்பது எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணினேன், இருந்தது, தாண்டிப் போனேன். வடிவம் தேறாததால் வேறு யாரும் அதைப் படிக்கவில்லை. அப்படித்தான் நான் விதி எழுதியிருந்தேன்.

பொறுப்பாளருக்கு உடனே எழுதினேன். இந்தத் திருத்தத்தை எப்போது சேர்க்க முடியும் என்று கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. காலி இடத்தை அவரே நீக்கிவிட்டார், அதற்கு ஒரு விநாடி ஆனதாம். திருத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் உறுதிமொழி வரி இல்லை. வடிவம் தேறிய பிறகு கடைசியாகச் சேர்க்கும் வரி அது. அந்தக் கட்டத்துக்கு அவரை நாம் வரவிடவில்லை. அவர் ஏதாவது நிறுவனத்தில் வேலை செய்கிறவராக இருந்தால் உரிமைச் சிக்கல் வரும், அதனால் அந்த வரி இல்லாமல் தொட முடியாது. புதிதாக வேறொருவர் எழுதலாம், ஆனால் இதைப் பார்த்திராத ஒருவராக இருக்க வேண்டும், அப்படியானால் ஆண்டுக் கடைசி வெளியீட்டில்தான் வரும். "அவரிடமிருந்து அந்த ஒரு வரியை வாங்கித் தாருங்கள்" என்று முடித்திருந்தார்.

உறுதிமொழி பற்றி நான் எழுதிய விதி 9. அதில் ஓட்டை இருக்கிறதா என்று இரண்டு நாள் தேடினேன். நன்றாக எழுதியிருந்தேன்.

அதுவரை என்ன செய்வது? சமையலறைக் கடிகாரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மணி வைத்தேன். அடித்தால் போய் அவள் கைபேசியில் எண்ணையும் நேரத்தையும் பார்ப்பேன். நான்காம் நாள் அவள் அந்தக் கடிகாரத்தை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள்.

"குளிக்கப் போனா கதவைத் தட்டுறீங்க. ஒரு தூக்கம் தூங்க முடியல. சர்க்கரையில சாவறனோ இல்லியோ, உங்க மணியில செத்துருவன்."

"அந்தப் புள்ள பதில் போடற வரைக்கும்தான்."

"எழுதுனீங்களா அதுக்கு?"

எழுதியிருந்தேன். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "மேற்படி திருத்தம் தொடர்பாக நேர்ந்த காலதாமதத்துக்கு வருந்தப்படுகிறது" என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"யாரு வருந்தறது?"

"நான்தான்."

"அப்ப வருந்துறன்னு எழுத மாட்டீங்களா? வருந்தப்படுதுன்னா யாரோ தெருவுல போறவன் வருந்துற மாதிரி இருக்குது. நான் கீழ வுழுந்தத எழுதுனீங்களா?"

"அது எதுக்கு அதுல?"

"அதுதானே வெசயம்."

திரும்ப எழுதினேன். என் பணிக்காலத்தில் தன்மையில் கடிதம் எழுதியதே இல்லை, எப்போதும் அலுவலகம்தான் எழுதியது. மூன்று நாள் ஆயிற்று. அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் இல்லை. வாட்ஸப் குழுவில் கேட்டேன், கோழிப் படம் வைத்திருப்பவர் யார் என்று. இரண்டு பேர் நாட்டுக்கோழி விலை கேட்டார்கள். மூன்றாவதாக ஒருவர், அது கடத்தூரில் கோழித்தீவனக் கடை வைத்திருப்பவரின் மருமகளாக இருக்கும், பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண், அவள் அப்பா மொரப்பூரில் இருக்கிறார், நம் டாக்டரிடம்தான் காட்டுகிறார் என்றார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டம்மாவை மனைவியோடு இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பையில் குளுக்கோஸ் பொட்டலம், எதற்கு என்று தெரியவில்லை. சர்க்கரை இறங்குகிறவள் வீட்டில் இருக்கிறாள். கடத்தூர் சந்தை நாள். கடை எங்கே என்று கேட்டதும் வாசனையே காட்டிவிட்டது. கல்லாவில் என் வயதுக்காரர் ஒருவர், மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். நான் யார், என்ன செயலி என்று சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"ஓ. அந்தக் காலி எடத்துக்காரரு நீங்கதானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எங்க வூட்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க. சாப்புடறப்ப நான் தட்டுல ஒரு ஓரத்த வுட்டுட்டா, மாமா, காலி எடம் இருக்குது, நல்லம்பள்ளி சாரு திருப்பி அனுப்பிருவாருன்னு அந்தப் பொண்ணு சொல்லும். கண்ணுக்குத் தெரியாததக் கண்டுபுடிச்சீங்களாமே, பெரிய வெசயங்க அது. ஏப்பா, அந்த மூட்டைய ஓரமாப் போடு. உக்காருங்க."

"மருமகளைப் பாக்கணுங்க. ஒரு வரி எழுதி வாங்கணும்."

"இல்லிங்களே. அவங்கப்பாவ சேலத்துல ஆஸ்பத்திரியில சேத்திருக்குது. அதான் போயிருக்குது, ஒரு வாரமாச்சி."

மூட்டைக்காரர் ஏதோ கேட்டார். அவர் எழுந்து உள்ளே போனார். நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே தீவனச் சாக்குகள், நெற்றியில் எடை அச்சிட்டவை. மார்ச்சில் அந்தப் பெண் எழுதியது வரி வரியாக எனக்கு நினைவு வந்தது. என் அப்பாவுக்குப் போன வாரம் இப்படி ஆகிவிட்டது. தயவுசெய்து சீக்கிரம். நான் பதினோராவது வரியின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து, "போன் நம்பரு தரட்டுங்களா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தொந்தரவு வேண்டாம் என்று சொன்னேன். அது மரியாதை இல்லை, பயம். ஒரு தாள் வாங்கி, நடந்ததை எழுதி, மடித்துக் கொடுத்தேன். பழக்கத்தில் இடது பக்கம் ஓரம் விட்டிருந்தேன்.

"குடுத்துர்றங்க," என்றார். "ஆனா ஓரத்த அளந்து பாத்துட்டுத்தான் படிக்கும், சொல்லிட்டன்."

திரும்பும் பேருந்தில் கைபேசி 121 என்றது. நேரத்தைப் பார்த்தேன், இருபது நிமிடம் பழையது. மனைவியை அழைத்தேன். மணி அடித்து நின்றது. பக்கத்து வீட்டம்மாவை அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி மனைவி. மறுபடி பக்கத்து வீடு. தருமபுரி பேருந்து நிலையத்தில் அடுத்த பேருந்துக்கு நிற்கவில்லை, ஆட்டோ பிடித்தேன். எண் 121ஆகவே நின்றது. முப்பத்தைந்து நிமிடம். நாற்பது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிங்களா சார்?" என்று கேட்டார். வீட்டுக்குத்தான் என்றேன். அவர் வேகத்தைக் கூட்டினார்.

போய்ப் பார்த்தால், இரண்டு பேரும் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைபேசிகள் இரண்டும் எங்கள் வீட்டுக்குள் சார்ஜில் இருந்தன. விரலில் குத்தியதில் 117. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கை கழுவாமலே எழுந்து வந்தாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவங்கப்பாவ எதுக்குச் சேத்தாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"மூணு தரம் அந்தப் புள்ளைய நிறுத்தி வெச்சிக் கேட்டீங்க. இது ஒண்ணு கேக்க வாய் வரல."

பக்கத்து வீட்டம்மா களியை உருட்டிக்கொண்டே, "வுடுங்க டீச்சர், அண்ணா மூஞ்சியப் பாத்தா நாமதான் சர்க்கர தண்ணி குடுக்கணும் போல," என்றார்.

அதற்குப் பிறகு நான் வீட்டை விட்டுப் போகவில்லை. பால் வாங்கப் போனாலும் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அரிசி டப்பாவிலிருந்து கடிகாரத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள், அரை மணிக்கு ஒரு முறை என்று பேரம் பேசி. ஒவ்வொரு மணியின்போதும் அவள் எண்ணோடு சேர்த்து மொரப்பூரில் நான் பார்த்தே இராத ஒரு மனிதரையும் நினைத்துக்கொண்டேன். இடையில் விதித்தொகுப்பைத் திறந்து, வடிவத்தைச் சரிபார்க்கும் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று பொறுப்பாளருக்கு ஒரு முன்மொழிவு அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில், சரிபார்ப்பவருக்கு விவேகம் இல்லை என்று எழுதினேன்.

அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தபோது மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உறுதிமொழி வரி, அந்தப் பெண்ணின் பெயரோடு, திருத்தத்தின் அடியில் சேர்ந்திருந்தது. எனக்குத் தனியே ஒரு கடிதம். என் மூன்றாவது பதிலுக்குப் பிறகு இந்தச் செயலியிலிருந்து வரும் எல்லா அஞ்சலும் நேராகக் குப்பைக்குப் போகும்படி வைத்திருந்தாளாம். மாமா தாளைக் கொடுத்த பிறகுதான் குப்பையைக் கிளறினாளாம். அதன் பிறகு, விதி 14, உட்பிரிவு 3இன்படி என் கடிதத்தின் குறைகள் ஒரே பதிலில் எழுப்பப்படுகின்றன என்று எழுதியிருந்தாள்.

முதல் குறை, அப்பாவை எதற்காகச் சேர்த்தார்கள் என்று மாமாவிடம் கேட்காதது. குடலிறக்க அறுவை சிகிச்சை, தேதி ஆறு மாதம் முன்பே குறித்தது, நன்றாக இருக்கிறார். இரண்டாவது, அப்பாவுக்கு என்னால் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தது. அவர் கைபேசியிலும் அம்மா கைபேசியிலும் அவள் மார்ச் மாதமே தன் திருத்தத்தோடு செயலியை ஏற்றிவிட்டாள், காலி இடத்தோடு. அது நான்கு முறை கத்தியிருக்கிறது, நான்கு முறையும் அம்மா விரலில் குத்திப் பார்த்துச் சர்க்கரை கொடுத்திருக்கிறார். மூன்றாவது, அதையே நானும் எந்த நாளிலும் என் வீட்டுக் கைபேசிகளில் செய்திருக்கலாம். திறந்து வைத்த நிரலுக்கு அதுதான் அர்த்தம். இருபது நிமிட வேலை, வழிமுறை என் தொகுப்பிலேயே விதி 3இன் கீழ் இருக்கிறது, நிறுத்தக்குறிகள் கூட சரியாக இருக்கின்றன. வெளியீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், இன்றே செய்யுங்கள், தெரியாவிட்டால் அழையுங்கள், எண் கீழே. "டீச்சருக்கு என் வணக்கம், ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தார்கள்" என்று முடித்திருந்தாள்.

கதவைத் தட்டினேன். "உயிரோடதான் இருக்கறன்," என்றாள் உள்ளிருந்து. பதில் வந்துவிட்டது என்றேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"என்னா தேதின்னு குறிச்சி வெச்சிக்குங்க. உங்களுக்கு அது வேணுமே."

குறித்து வைத்தேன். ஜூலை ஒன்பது, புதன்கிழமை.